குனிந்தால் நெஞ்செரிச்சல்: காற்றா, ஹெர்னியாவா?

கேள்வி: வயது 54. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். குனிந்தாலே நெஞ்சு எரிகிறது. இரவில் புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது, இருமலும் சேர்ந்துகொள்கிறது. காற்று என்று நினைத்து மருந்து வாங்கிக் குடிக்கிறேன். மகள் ஹெர்னியாவாக இருக்கும் என்கிறாள். வயிற்றில் வீக்கம் எதுவும் இல்லையே, டாக்டர்?

பதில்: இந்த ஹெர்னியாவுக்கு வெளியே வீக்கம் தெரியாது, அம்மா. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்க ஒரு துவாரம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும். இதுதான் ஹயாட்டல் ஹெர்னியா. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இது சகஜம்; பலருக்குத் தொந்தரவே இருக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘குனிந்தாலே’ என்ற சொல். குனியும்போது, படுக்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு எரிச்சல் கூடினால், அமிலம் மேலே வருகிறது என்று அர்த்தம். ஏப்பம், காலையில் கரகரத்த குரல், இரவு இருமல் எல்லாம் இதோடு வரலாம். ஆனால் ஹெர்னியா இல்லாமலும் அமிலம் மேலேறும். எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) அல்லது பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகும்.

குனியும்போது இல்லாமல், மேடு ஏறும்போதோ கூடை தூக்கி நடக்கும்போதோ நெஞ்சு அடைத்து, நின்றால் குறைகிறதா? அது இதயமாக இருக்கலாம், உடனே பரிசோதியுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் 999 அழையுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வெறும் அசதியாகவும் குமட்டலாகவும்கூட வரும். ‘காற்றுதான்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

சாப்பாடு தொண்டையில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இவையும் காத்திருக்கக்கூடாதவை. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும்; சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று கடும் வலி, குமட்டியும் வாந்தி வராத நிலை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போதைக்கு அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை காட்டுங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். சில வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை கொடுத்தால் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு போடவேண்டும். பசியாறிய கையோடு குனிந்து வேலையில் இறங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்கு நடுவில் தே தாரிக் (பால் தேநீர்) கூட வேண்டாம். தலையை உயர்த்தத் தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆடாத பலகை வையுங்கள்.