கார் ஓட்டத் தெரியாமல் டெம்பியில் எம்.எஸ். படிக்க முடியுமா?

கேள்வி: அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், டெம்பி வளாகத்தில், எம்.எஸ். சேரப் போகிறேன். கார் ஓட்டத் தெரியாது, வாங்கவும் வசதி இல்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். ஐந்தாவது வருடமாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கல்விக் கடன் வாங்கியிருப்பீர்கள். "அங்க கார் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று யாரோ ஒரு சீனியர் பயமுறுத்தியிருப்பார். அவர் சொன்னது முழுப்பொய் இல்லை. அவர் எங்கே குடியிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் ஒன்று. நான் காருக்கு எதிரி இல்லை. ஊரைக் காப்பாற்றும் கொள்கை எதுவும் கிடையாது. 2021 ஆகஸ்டில் வந்தேன், ஓட்டுநர் தேர்வுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் தோற்றேன். வண்டியைப் பின்னால் எடுத்துக் கூம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். முதல் தடவை ஒரு கூம்பு விழுந்தது, இரண்டாம் தடவை இரண்டு. அதற்குள் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விசாரித்திருந்தேன், ஆய்வு உதவியாளர் சம்பளத்தில் அது கட்டாது. விட்டுவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், என் அப்பா திருநெல்வேலியில் அரசுப் பேருந்து ஓட்டுநர். இருபத்தெட்டு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஊரின் அமைப்பைச் சொல்கிறேன். பெரிய சாலைகள் எல்லாம் சதுரங்கக் கட்டம் மாதிரி, மைலுக்கு ஒன்று. கிழக்கு மேற்காக யுனிவர்சிட்டி, பிராட்வே, சதர்ன், பேஸ்லைன். வடக்கு தெற்காக ரூரல், மெக்ளின்டாக். ஒவ்வொன்றும் நம் ஊர் பைபாஸை விட அகலம். வரைபடத்தில் எதிரே தெரியும் கடைக்குப் போக, சிக்னல் இருக்கும் இடம் வரை நடந்து, கடந்து, திரும்ப நடந்து வர வேண்டும். நடுவில் குறுக்கே ஓடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில், இதே டெம்பியில், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியைத் தானோட்டிச் சோதனைக் கார் ஒன்று மோதிக் கொன்றது. அப்படிப்பட்ட காரால் பாதசாரி ஒருவர் இறந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. சிக்னல் அரை மைல் தள்ளி இருந்தாலும் அங்கேயே போய்க் கடந்து செல்லுங்கள்.

நான் செய்த முதல் தப்பு வீடு. வாடகை குறைவு என்று சதர்ன் பக்கம், நகருக்குள் ஓடும் லைட் ரயிலிலிருந்து தள்ளி, நான்கு பேர் சேர்ந்து எடுத்தோம். மற்ற மூவரில் இரண்டு பேர் ஆறே மாதத்தில் கார் வாங்கிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பஸ்.

2023 ஜூலை. அந்த மாதத்தைப் பற்றிச் செய்தியில் படித்திருப்பீர்கள். பக்கத்து ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி தீர்ந்துபோனது. ரூரல் சாலையில் தெற்கே மூன்று மைல் தள்ளியிருந்த இந்தியக் கடைக்கு 72-ஆம் நம்பர் பஸ்ஸில் போய், இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்டாப் எதிர்ப்பக்கம். சிக்னலில் நிற்கிறேன், என் கண் முன்னாலேயே பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அடுத்தது அரை மணி கழித்து.

அந்த ஸ்டாப்பில் கூரை இல்லை, ஒரு கம்பமும் இரும்பு பெஞ்சும்தான். பெஞ்சில் கை வைத்தால் தோசைக்கல். மணி நாலரை. கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலத்துக்குத் தரையில் விழுந்திருந்தது. அரிசி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்த நிழலுக்குள் பக்கவாட்டில் நின்றேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். பாட்டிலில் தண்ணீர் ரசம் மாதிரி சுட்டது. போன் சூடு தாங்காமல் அணைந்துவிட்டது. பஸ் எப்போது வரும் என்று பார்க்கக்கூட வழியில்லை. ஊரில் சித்திரை வெயில் பார்த்தவன்தான் நான், ஆனால் இது வேறு. வியர்வை தெரியவே தெரியாது, காற்றே உறிஞ்சிவிடும். தலை சுற்றும்போதுதான் உறைக்கும்.

அப்போது ஒரு கார் ஓரமாக நின்றது. தெரிந்த தமிழ் அண்ணன் ஒருவர். "என்னப்பா தம்பி இது, ஏறு ஏறு. ஒரு போன் அடிச்சிருந்தா வந்திருப்பேன்ல" என்றார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷன், அதை மறுக்கவே மாட்டேன். அவர் வராமல் இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேனோ என்னவோ. வழியெல்லாம் லைசென்ஸ் எடுக்கச் சொல்லி அறிவுரை. கேட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து சாப்பிடுவது. அங்கே அவர் அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். "அரிசி மூட்டையோட கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்யா!" பெரிய சிரிப்பு. இன்னொருவர், "அப்பா பஸ் டிரைவர்ல, அதான் பஸ்ஸை விட மாட்டேங்கிறான்" என்றார். நானும் சிரித்தேன். தயிர்ச்சாதம் தொண்டையில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரிடமும் லிஃப்ட் கேட்கவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கார் இல்லாதவனுக்குத் தூரம், வெயில் இரண்டையும் சமாளிக்க வழி உண்டு. அடுத்தவர் காரில் ஏறி இறங்குவதில் சேரும் கடன்தான் கஷ்டம். காசாகவும் வரும். என்னோடு படித்த ஒருவன், தானே வலியக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டு, அன்றிரவே மூன்று டாலர் நாற்பது சென்ட் கேட்டுச் செயலியில் அனுப்பினான். உண்மையைச் சொன்னால், அவனே தேவலை. கொடுத்தேன், கணக்குத் தீர்ந்தது. ("உதவி செய்தவர்களைக் குறை சொல்கிறாயே" என்று வருவார்கள் என்று தெரியும். உதவியைச் சொல்லவில்லை, சிரிப்பைத்தான் சொல்கிறேன்.)

அந்த ஆகஸ்டிலேயே அப்பாச்சி பொலிவார்டுக்கு, லைட் ரயில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில், வீடு மாற்றினேன். வாடகை கூடுதல்தான். காருக்கு ஆகும் செலவில் அது கால்வாசி இருக்குமா என்பதே சந்தேகம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் 180 டாலரைக் கம்பளம் துவைத்த செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கறை நாங்கள் குடிவந்த நாளே இருந்தது. புகைப்படம் எடுத்து வைக்காதது எங்கள் மடத்தனம். நீங்கள் குடிபோகும் அன்றைக்கே ஒவ்வொரு மூலையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, ரயில். 2008 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. வளாகத்தை ஒட்டியே போகிறது. மேற்கே ஃபீனிக்ஸ் நகர மையம், கிழக்கே மேசா. வெளியூர் போக 44-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையத்துக்கு இலவச ரயில் உண்டு. சாமான் வாங்க மேசாவில் சிகமோர் நிலையத்தில் இறங்கி, மேகாங் பிளாசா வரை நடந்துவிடுவேன். கொத்தமல்லி, வெண்டைக்காய், மீன் எல்லாம் கிடைக்கும். ஆசியக் கடை என்று முகம் சுளிக்காதீர்கள், புளியும் தேங்காயும் அவர்களுக்கும் வேண்டும். இரண்டு சக்கர இழுவைக் கூடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முதல் மாதத்திலேயே. நம் பையன்கள் கிழவிகள் சாமான் என்று கூச்சப்படுவார்கள்.

டெம்பிக்குள் ஆர்பிட் என்று சின்ன பஸ்கள் இலவசமாக ஓடுகின்றன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன் என்று கிரகங்களின் பெயர். பழைய வீட்டுக்கு நான் நம்பியிருந்தது செவ்வாய். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது ஒரு நிமிடம் நிஜமாகவே பதறிவிட்டார்.

சைக்கிளும் வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ளத் தாங்கி இருக்கிறது. ஆனால் நல்ல சைக்கிள் வாங்காதீர்கள். எனது முதலாவது திருடு போனது, இரண்டாவதில் முன்சக்கரம் மட்டும் போனது. அவசரத்துக்கு வாடகைக் கார். இப்போது ஓட்டுநரே இல்லாத வேமோ காரும் வருகிறது, பல் டாக்டரிடம் அதில்தான் போனேன். அறிவுரை சொல்ல ஆள் இல்லாத கார் அது.

குடும்பத்தோடு இருப்பவர்கள், குழந்தையைப் பள்ளியில் விட வேண்டியவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹூஸ்டன், டாலஸ்காரர்களும் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் ஊர்க் கதை எனக்குத் தெரியாது.

போன குளிர்காலத்தில் அப்பா வந்திருந்தார். எல்லோரும் கிராண்ட் கேன்யன் கூட்டிப்போ என்றார்கள். அவர் கேட்டது 72-இல் ஒரு ட்ரிப். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போனார். சக்கர நாற்காலிக்காரர் ஒருவருக்காக வண்டி ஒரு பக்கம் தணிந்து பலகை வெளியே நீண்டதை எழுந்து நின்று பார்த்தார். அதைவிட, இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கியது அவருக்குத் தாங்கவில்லை. "நிஜமாவே எல்லாரும் சொல்லுதாங்களாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாளிலிருந்து அவரும் சொல்ல ஆரம்பித்தார். ரயிலிலிருந்து இறங்கும்போதும் சொன்னார், ஓட்டுநர் இரண்டு பெட்டி முன்னால் கண்ணாடிக்குள் இருக்கிறார் என்று சொல்லியும் கேட்கவில்லை.