படலைச் சத்தம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமம். 2007இல் அப்பாவைச் சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் எங்கள் பழைய அப்பாவாக இல்லை. குடித்தார். பூவரசம் தடியால் என்னை அடித்தார். அடித்த பிறகு பம்புக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டுவார். பத்து வயது வரை இப்படித்தான். இன்றும் மாலையில் படலை திறக்கும் சத்தம் கேட்டால் வயிறு பிடித்துக்கொள்கிறது. குழாய் விட்டும் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் இல்லையாம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கிணற்றடியில் நான்தான் குளிப்பாட்டுகிறேன். அதற்கு முன் அவரை மேற்சட்டை இல்லாமல் நான் கண்டதில்லை. இருட்டிய பிறகுதான் குளிப்பார். முதுகு முழுக்கத் தழும்பு. அன்றிலிருந்து அவரை வெறுக்கவும் முடியவில்லை. போன வாரம் அக்காவின் மகன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கியபோது அவனை அறைந்துவிட்டேன். வன்னியில் குடும்பத்தையே இழந்தவர்கள் இருக்கும்போது இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடைசியில் எழுதிய வெட்கத்தை முதலில் எடுக்கிறேன். இத்தனை ஆண்டு உங்கள் வாயைக் கட்டிப்போட்டது அதுதான். நம் ஊரில் துன்பத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முள்ளிவாய்க்கால் முதலில், முகாம் அடுத்து, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நாவற்குழிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தவர்கள் அதற்குப் பின்னால். வீட்டுக்குள் அடி வாங்கிய பிள்ளைக்கு அதில் இடமே கிடையாது. அவனுக்கென்று ஒரு பழமொழி மட்டும் வைத்திருக்கிறோம்: அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவான். (இதைச் சொன்னவர் அடித்தவராகத்தான் இருந்திருப்பார்.)

நீங்கள் ஐந்து வயதில் இருந்த யாழ்ப்பாணம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. சாமான் கப்பலில் வந்தது. கடை வாசலில் வரிசை. இரவில் ஊரடங்கு. ஆட்களைக் கடத்திக்கொண்டு போன ‘வெள்ளை வான்’ என்று சொல்லும்போது பெரியவர்களின் குரல் தானாகத் தாழும். நாய் குரைத்தால் விளக்கை அணைத்தோம். படலைச் சத்தத்துக்கு அன்று ஊரே பயந்தது. உங்கள் அப்பாவும் பயந்திருப்பார். பிறகு அதே சத்தத்தை உங்களுக்குப் பயமாக்கியவரும் அவர்தான்.

முதுகுத் தழும்பு, அவர் ஏன் அப்படி ஆனார் என்பதைச் சொல்கிறது. ஒரு சிறு பிள்ளையைக் கொட்டிலில் பூட்டியது சரி என்று அது எங்கும் சொல்லவில்லை. அவரை அடித்தவர்கள் வேறு. உங்களை அடித்தவர் அவர். ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. முதுகு தேய்த்துவிடும்போது கோபம் வந்தால் வரட்டும். அதற்காகத் தேய்ப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

வயிற்றுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், இங்குள்ளவர்கள் மனவடுவை உடம்பின் நோவாகவே மருத்துவரிடம் கொண்டுவருவதை எழுதியிருக்கிறார். போர் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் சமூகத்தையும் சிதைப்பதையும் எழுதியிருக்கிறார். சிறு வயதில் ஆபத்தோடு சேர்ந்து பதிந்த சத்தத்துக்கு உடம்பு யோசிக்காமலே பதில் சொல்லும். மனநலம் பற்றித் தெரிந்த ஒருவரோடு பேசிப் பேசி அதைத் தளர்த்தலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல எண்ணில் தமிழிலும் பேசலாம். கிளினிக் வாங்கில் யாராவது கண்டால் ‘அங்கொடை’ (கொழும்புப் பக்கத்து மனநோய் மருத்துவமனை) என்று கதை கட்டுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் நாள் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவரும் தொப்பி போட்டிருந்தார்.

அப்பாவிடம் கேட்கலாம். ஆனால் மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஞாபகம் இல்லை என்பார், அல்லது அழுவார், அல்லது தேநீர் கேட்பார். என் அப்பா தேநீர்தான் கேட்டார். போட்டுக் கொடுத்தேன், அன்று இரவு வெகு நேரம் நித்திரை வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மருத்துவரிடம் சில தடவை பேசிய பிறகு கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சைக்கிள் சத்தம் கேட்டதும் அக்காவின் மகன் இப்போது என்ன செய்கிறான் என்று கவனித்தீர்களா? இன்றே போய் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். மாமாவின் சிறு வயதுக் கதையை அவன் சுமக்கத் தேவையில்லை. அடித்தது பிழை என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு கொப்பியை விரித்துவைத்து ஏழாம் வாய்ப்பாட்டை இருவரும் சேர்ந்தே சொல்லிப் பாருங்கள். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கும் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.