ஏழு நாள் கெடுவும் வாய் பிளந்த காலணியும்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு வயது. டிசம்பர் விடுமுறையில் உதகை கெய்ர்ன்ஹில் காட்டுப்பாதையில் இருவரையும் நடக்க அழைத்துச் செல்ல எண்ணி, மகனுக்கு இணையத்தில் 2,400 ரூபாய்க்கு ‘ட்ரெக்கிங் ஷூ’ வாங்கினோம். இரண்டு வாரம் கழித்து, ஒத்திகையாக ஊருக்கு அருகிலுள்ள கரட்டில் ஏறியபோது, ஒரு மணி நேரத்திற்குள் அதன் அடிப்பாகம் பிரிந்துவிட்டது. ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதென்று விற்பனையாளர் கைவிரிக்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? மகளுக்கும் இத்தகைய காலணி அவசியமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பணம். பொருள் பிடிக்காததால் திருப்பிக் கொடுப்பது வேறு, குறைபாடுள்ள பொருளை விற்றவர் அதற்குப் பொறுப்பேற்பது வேறு. ஏழு நாள் கெடு முன்னதற்குப் பொருந்தலாமே தவிர, பின்னதற்கான உங்கள் உரிமையை அழித்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறைபாடு குறித்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு முன், விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

காலணிப் பெட்டியை எறிந்துவிடவில்லை என்று நம்புகிறேன். அதில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பாலியூரித்தேன் என்னும் நுரைப் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம், யாரும் அணியாமல் கிடங்கில் கிடந்தாலும், ஈரக்காற்றால் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்து, காலில் ஏறிய முதல் நாளே உதிரக்கூடும். பிரிந்த இடத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பழைய ரொட்டியைப் போலப் பொடிந்தால் அநேகமாகப் பழைய சரக்கு, உறுதியாக இருந்து, இழுபட்ட பசை மட்டும் தெரிந்தால் ஒட்டுவேலையில் குறை. எதுவாயினும் படம் எடுத்து, பெட்டியின் தேதியோடு சேர்த்து அனுப்புங்கள்.

மகளுக்கு மலையேற்றக் காலணி வேண்டியதில்லை. வனத்துறை பராமரிக்கும் எளிய பாதையில் நடக்க, பிடிப்புள்ள அடிப்பாகமும் மூடிய முன்பாகமும் கொண்ட சாதாரண விளையாட்டுக் காலணி போதும். பெயரில் ‘ட்ரெக்கிங்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டவுடன் விலை ஏறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விலையைவிட அளவே முக்கியம். “வளர்கிற பிள்ளைதானே” என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளின் பழக்கம்; பள்ளிச் சீருடைக்கு அது சரி, மலைப்பாதைக்குச் சரிப்படாது. இறக்கத்தில் கால் முன்னோக்கிச் சறுக்கி நகம் முட்டும், குதிகால் உராய்ந்து கொப்புளம் எழும், அரை மணி நேரத்தில் பிள்ளை உங்கள் இடுப்பில் இருப்பாள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், அன்று அணியப்போகும் காலுறையுடனேயே போட்டுப் பார்த்து, எழுந்து நிற்கையில் பெருவிரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கும்படி வாங்குங்கள். அதற்கு நேரில் கடைக்குப் போவதே நல்லது.

குழந்தையைச் சுமக்கும் முதுகுத் தொட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடாதீர்கள். நான்கு வயதில் பல பிள்ளைகள் அதன் எடை வரம்பை நெருங்கிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் இருவருக்கும் கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் வாங்கலாம். டிசம்பரில் உதகையில் உறைபனி விழும், வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை உடலோடு ஒட்டிக் குளிர வைக்கும்.

புகார் முடியும்வரை, அந்தக் காலணியை ஒட்டித் தரும்படி தெருமுனைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் முதன்மையான சான்று அந்தப் பிளவுதான்.