ஜாமர் இருந்தும் ட்ரோன் ஏன் விழவில்லை? – வாசகர் கேள்விகள்

உக்ரைன் போரில் ட்ரோன்களும் அவற்றைத் தடுக்கும் முறைகளும் மாறி மாறி முந்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கே: டாங்கியின் தலையிலேயே ஜாமர் இருக்கிறது. அப்படியும் 500 டாலர் ட்ரோன் வந்து மோதுகிறதே, எப்படி? (திருநெல்வேலி வாசகர்)

ப: ஜாமர் ட்ரோனைத் தாக்குவதில்லை. சிக்னலை வாங்கும் கருவியின் காதை இரைச்சலால் அடைக்கிறது, அவ்வளவுதான். கேமரா காட்டும் காட்சியைப் பார்த்தபடியே ஓட்டும் எஃப்.பி.வி. ட்ரோனில் இரண்டு இணைப்புகள் உண்டு. ஓட்டுபவரிடமிருந்து கட்டளை போகிறது. ட்ரோனிலிருந்து வீடியோ திரும்பி வருகிறது. கட்டளையை வாங்குவது ட்ரோன். டாங்கியை நெருங்க நெருங்க அதற்கு ஜாமரின் இரைச்சல் ஓங்கும்; பல கி.மீ. தள்ளியிருக்கும் ஓட்டுபவரின் சிக்னல் அமுங்கும். இந்த இடத்தில் ஜாமர் ஜெயிக்கும். வீடியோவை வாங்கும் கருவியோ ஓட்டுபவர் பக்கத்தில் இருக்கிறது. டாங்கி மேலுள்ள சிறு ஜாமரால் அவ்வளவு தூரம் எட்டித் தொல்லை தருவது கடினம்.

அலைவரிசை இன்னொரு சிக்கல். தொடக்கத்தில் கட்டளைக்கு 868 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் என்று கடையில் கிடைத்த பாகங்களையே எல்லோரும் மாட்டினார்கள். ஜாமர்களும் அந்தப் பட்டைகளைக் குறிவைத்தே வந்தன. உடனே ட்ரோன்காரர்கள் அவற்றுக்குக் கீழேயும் மேலேயும் உள்ள அலைவரிசைகளுக்கு நகர்ந்தார்கள். எல்லாப் பட்டையையும் ஒரே ஜாமரால் மூடப் பார்த்தால், அதே வாட் பரந்து மெலிந்துபோகும். காக்கும் தூரம் சுருங்கும். வாட்டைக் கூட்டினால் கருவி சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதைவிட மோசம், ஜாமர் தான் இருக்குமிடத்தை எதிரிக்குத் தானே அறிவித்துவிடும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 28 மீட்டர். கடைசி 50 மீட்டரில் தொடர்பு அறுந்தாலும், போன வேகத்திலேயே இரண்டு நொடிக்குள் போய் மோதிவிடும். எனவே ஜாமர் எத்தனை வாட் என்று கேட்பது போதாது. எந்தப் பட்டை, எத்தனை மீட்டரில் என்று கேட்க வேண்டும்.

கே: மோதும் தறுவாயில் வீடியோ புள்ளி புள்ளியாகக் கலைகிறதே, அதுவும் ஜாமரா? (ஈரோடு வாசகர்)

ப: பல நேரங்களில் இல்லை. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். ட்ரோன் தாழ்ந்து இறங்கும்போது மரமும் மேடும் குறுக்கே வந்துவிடும். இதைச் சமாளிக்க இன்னொரு ட்ரோனை உயரத்தில் நிறுத்தி அதன் வழியே சிக்னலைக் கடத்துகிறார்கள். கடைசிச் சில நூறு மீட்டரில் இலக்கின் படத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவே வழிநடத்தும் ஏற்பாடும் வந்துவிட்டது.

கே: கேபிளோடு பறக்கும் ட்ரோனை ஜாமர் தொட முடியாது என்கிறார்கள். கேபிள் அறுந்துவிடாதா? (மதுரை வாசகர்)

ப: அறுகிறது, ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. காரணம், சுருள் தரையில் இல்லை. ட்ரோனின் வயிற்றில் இருக்கிறது. பறக்கப் பறக்க இழை அதிலிருந்து உருவி, விழுந்த இடத்திலேயே கிடக்கும். பின்னால் இழுபடுவதில்லை என்பதால் பெரிய இழுவிசை ஏறாது. பூச்சோடு சேர்த்து கால் மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழை அது, நம் வீட்டு ஃபைபர் இணைய வயரின் உள்ளே இருப்பதைப் போன்றதுதான். ஒரு கி.மீ. இழையின் எடை சுமார் 70 கிராம். 10 கி.மீ.க்கு 700 கிராம். சுருளின் கூடும் சேர்ந்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். அந்த எடை வெடிபொருளிலோ பறக்கும் நேரத்திலோ கழியும். அதனால்தான் இவ்வகை ட்ரோன்களுக்குப் பெரிய சட்டமும் பெரிய பேட்டரியும் வேண்டியிருக்கிறது.

கெட்டுப்போவது எங்கே? ஒரே இடத்தில் சுற்றினாலோ பின்வாங்கினாலோ தளர்ந்த இழையைத் தன் இறக்கையே வெட்டிவிடும். கூர்மையாக மடங்கினால் ஒளி கசியும், மேலும் மடங்கினால் கண்ணாடி முறியும். சுருளைச் சுற்றியதில் ஒரு வரி பிசகினாலும் நடுவானில் சிக்கும். மரக்கிளை, மின்கம்பி, முன்பு போன ட்ரோன்கள் விட்ட இழைகள் என எல்லாமே தொல்லை. வெயிலில் மின்னும் இழையைத் தொடர்ந்து போனால் ஓட்டுபவரின் பதுங்குகுழி தெரிந்துவிடும் அபாயமும் உண்டு.

இத்தனை இருந்தும் இது பரவியதற்குக் காரணம், கட்டளையும் வீடியோவும் இழைக்குள்ளேயே போவதால் வானொலி அலை எதையும் இது வெளியிடுவதில்லை. வீரர்களின் பையிலுள்ள ட்ரோன் எச்சரிக்கைக் கருவி சத்தமே போடாது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படைகள் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்த பிறகு, ரஷ்யா இவற்றைப் பெருமளவில் இறக்கியது. உக்ரைனின் சூமியிலிருந்து குர்ஸ்கிலுள்ள சுட்ஜாவுக்குப் போகும் வழங்கல் சாலையே இவற்றின் வேட்டைக்களமானது. ட்ரோன் சாலையோரத்தில் இறங்கி உட்கார்ந்து, வண்டி வரும்போது எழுந்து பாயும்.

இதற்கு எதிராக இப்போது இருப்பவை பழைய வகை தடுப்புகள்: சிறு குண்டுகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி, சாலை மேலும் இருபுறமும் கட்டிய வலை. ஐரோப்பிய மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகள் லாரி லாரியாக உக்ரைனுக்குப் போயின. வலை முழுத் தீர்வல்ல. முதல் ட்ரோன் கிழித்த ஓட்டை வழியே இரண்டாவது நுழையும்; பனி படிந்தால் கம்பம் சாயும். தினமும் பழுதுபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆட்களையும் ட்ரோன்கள் குறிவைக்கின்றன. வேலையில் மிக ஆபத்தான பகுதி அதுதான்.

கே: ஷாஹெத் ட்ரோன் மெதுவாகத்தானே வருகிறது? ஏன் தடுக்கத் திணறுகிறார்கள்? (கோவை வாசகர்)

ப: ஈரான் வடிவமைத்து ரஷ்யா ஏவும் இந்தத் தொலைதூரத் தாக்குதல் ட்ரோனின் வேகம் மணிக்குச் சுமார் 180 கி.மீ.தான். எண்ணிக்கையும் விலையும்தான் பிரச்சினை. அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டாலர். அதை ஒவ்வொரு ஷாஹெத்துக்கும் எறிந்தால் கஜானா காலி. ஆகவே உக்ரைன் கம்பங்களில் ஒலிவாங்கிகளை நட்டது. 2024-ல் வெளிவந்த தகவலின்படி கிட்டத்தட்ட 10,000 ஒலிவாங்கிகள், ஒன்று 400–500 டாலர். எஞ்சின் சத்தத்தை வைத்துப் பாதையைக் கணித்து, வண்டியில் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள்.

ரஷ்யாவின் பதில், 2025-ல் இரண்டு மூன்று கி.மீ. உயரத்துக்கு ஏறியது. துப்பாக்கிக் குண்டு எட்டாது. ஷாஹெத்துக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். சிக்னலை உக்ரைன் ஜாமரால் குழப்பியதற்கும் மாற்று வந்தது: பல ஆண்டெனாக்கள் சேர்ந்து, ஜாமர் இருக்கும் திசையை மட்டும் செவிடாக்கும் அமைப்பு. நான்கு ஆண்டெனா இருந்தால் மூன்று திசை ஜாமர்களை ஒதுக்கலாம். எட்டு, பதினாறு என்று கூட்டக் கூட்ட அத்தனை ஜாமர்கள் கூடுதலாகத் தேவைப்படும். இதற்கு உக்ரைனின் மறுமொழி, மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிப் பறந்து மோதும் இடைமறிப்பு ட்ரோன். விலை சில ஆயிரம் டாலர்தான். ரஷ்யா ஜெட் எஞ்சின் வகையை இறக்கியதும் அந்த வேகமும் போதாமல் போனது.

கே: 2025 மே மாதம் பாகிஸ்தான் ட்ரோன்களை இந்தியா பழைய பீரங்கிகளால் வீழ்த்தியதாகச் சொன்னார்களே? (சென்னை வாசகர்)

ப: ஆம். மே 8 இரவு 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக இந்திய அரசு கூறியது. அவற்றுக்கு எதிராக 40 மி.மீ. எல்-70, 23 மி.மீ. இசட்.யூ-23, ஷில்கா பீரங்கிகளும் சுட்டன. எல்-70 ஸ்வீடனின் போஃபர்ஸ் வடிவமைத்தது. குழல் பழசானாலும் கண் புதிது: பகல் கேமரா, வெப்பப் படக் கேமரா, லேசர் தூரமானி, குழலைத் திருப்பும் மின்மோட்டார் எல்லாம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பொருத்தியவை. எட்டும் தூரம் சுமார் 4 கி.மீ. என்பதால், காக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். நாட்டின் எல்லா விமானதளத்துக்கும் அத்தனை பீரங்கியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும் என்பதே இதன் வரம்பு.

கே: லேசர் வந்தால் எல்லாம் முடிந்துவிடுமா? (புதுச்சேரி வாசகர்)

ப: பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசர் ஒரு சுடுதலுக்கு 10 பவுண்டுக்கும் குறைவு என்கிறார்கள். ஆனால் ட்ரோன் எரியும்வரை லேசர் கதிர் சில நொடிகள் அதன் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சுட முடியும். மூடுபனி, மழை, புகை என்றால் ஒளி சிதறிவிடும். கூட்டமாக வரும் நாளில் பீரங்கியும் இடைமறிப்பு ட்ரோனும் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.