சூடானுக்கு 60 மூட்டை அரிசி: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து, சூடானின் டார்ஃபூரில் போர்முனைக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்ட மக்களுக்காக 25 கிலோ அரிசி மூட்டை 60, பழைய துணி, மாத்திரைகள், கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். ராஜாஜி சாலையில் ஒரு ஏஜென்ட் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, கன்டெய்னரில் ஏற்றிவிட அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தப் பக்கம் சரக்கை யார் பெயரில் எடுப்பது? ‘அங்க நம்ம ஆள் இருக்கார்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிலோ கணக்கே முதல் பொய். பலர் சரக்கோடு சேர்ந்து போகும் கன்டெய்னரில், கன மீட்டரா டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். துணி இடத்தை அடைக்கும், எடை நிற்காது. பில் வரும்போது தொகை வேறாக இருக்கும். அடுத்து, ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். ‘என் நம்பர்லயே போட்டுடறேன்’ என்பார். போட்டால், காகிதத்தில் சரக்கு அவருடையது. சரக்கை எடுக்கும் உரிமைச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கும் அவர் கையில். உங்கள் பெயரில் போட்டு, அங்கே எடுக்க ஆள் வராவிட்டால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் உங்கள் தலையில் விடியும். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். ‘கஸ்டம்ஸ்ல எல்லாரையும் தெரியும்’ என்பது லைசென்ஸ் ஆகாது.

2009-இல் போரில் சிக்கிய ஈழத் தமிழர்களுக்காக ஐரோப்பியத் தமிழர்கள் திரட்டிய 884 டன் உணவும் மருந்தும் ‘வணங்காமண்’ என்ற பெயரில் கேப்டன் அலி கப்பலில் வந்தன. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. சரக்கு நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வேறு கப்பலில் கொழும்பு போய், அங்கே மாதக்கணக்கில் முடங்கியது. 2022-இல் தமிழக அரசே இலங்கைக்கு அரிசி அனுப்ப, டெல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் மே 18 அன்று முதல் கப்பல் கிளம்பியது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் தெருச் சங்கம் எந்த மூலைக்கு?

ராணுவத்தின் கையில் உள்ள போர்ட் சூடான் துறைமுகத்தில் இறங்கினாலும் டார்ஃபூர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பகுதி எதிர்த்தரப்பான ஆர்.எஸ்.எஃப். துணைப்படையின் கையில். ஐ.நா. லாரிகளே மேற்கில் சாட் நாட்டு அட்ரே எல்லையைச் சுற்றிக்கொண்டு நுழைகின்றன. மழைக்காலத்தில் காட்டாறுகள் அந்தப் பாதையையும் அறுத்துவிடும். உங்கள் 1,500 கிலோ, ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் 125 பேருக்கு ஒரு மாதம் வரும். ஆனால் அங்கே அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும். சந்தை இயங்கும் ஊர்களில் சமூக சமையற்கூடங்கள் பக்கத்து வியாபாரியிடமே வாங்கிச் சமைக்கின்றன. அவர்களுக்குத் தேவை பணம்.

பணத்தை மண்ணடி உண்டியலில், அதாவது ஹவாலாவில், போடாதீர்கள்; பிடிபட்டால் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். சங்கக் கணக்கிலிருந்தும் முடியாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டம் தனிநபருக்கு மட்டும். ஒருவர் கணக்கில் தெருப் பணம் முழுவதையும் குவித்து அனுப்புவதும் தப்பு. விலக்கு ஒன்று உண்டு: ஒரே குடும்பத்தார் சேர்த்து அனுப்பலாம். குடும்பம் என்றால் குடும்பம்தான், நண்பர் வட்டம் அல்ல. ஒவ்வொருவருக்கும் பான் எண் வேண்டும். குழந்தை பெயரில் என்றால் காப்பாளர் கையெழுத்து. அண்ணன் தம்பி மாதிரி பழகுகிறோம் என்று கவுன்ட்டரில் வாதாடாதீர்கள்.

வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், பான் எண், அறக்கொடைக்கான காரணக் குறியீடு எஸ்1303. சேருமிடம் சூடான் கணக்கு வேண்டாம். ரோமில் உலக உணவுத் திட்டம், ஜெனிவாவில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு போன்றவற்றின் கணக்காக இருக்கட்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் தாண்டாதவரை டி.சி.எஸ். எனும் முன்வரிப் பிடித்தம் இல்லை. இது தெரியாத கிளைகள் ‘மெயின் பிராஞ்சுக்குப் போங்க’ என்று விரட்டும். எழுதித் தரச் சொல்லுங்கள், தானாக வேலை நடக்கும். சில ஆயிரம்தான் என்றால் வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணமே கடித்துவிடும். ஆளாளுக்கு அந்த அமைப்புகளின் இணையதளத்தில் கார்டில் கட்டுங்கள். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடைக்காது.

அரிசியைக் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு செங்குன்றம் மண்டியில் விற்கலாம், அல்லது புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் கேட்டுக் கொடுக்கலாம். நல்ல துணியும் அங்கேயே. மாத்திரைகளை மட்டும் யாருக்கும் தராதீர்கள். நோயாளியிடமிருந்து திரும்பி வந்த மருந்து கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவன விதி. வீடு வீடாக வாங்கிய பாதி அட்டைகள் இரண்டிலுமே தேறாது.