பஸ்ஸில் ஆப்பிரிக்க மாணவரை ‘காப்பிரி’ என்று கேலி செய்கிறார்கள். கேட்டால் “நாமளும் கறுப்புதானே” என்கிறார்கள். கூட இருப்பவர் என்ன செய்யலாம்?

‘காப்பிரி’ நிறத்தின் பெயர் இல்லை. அரபியில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வாய்வழியாக ஆப்பிரிக்க அடிமைகள்மேல் ஒட்டிய சொல். கொச்சியில் காப்பிரி முத்தப்பன் என்று கும்பிடுவது, கொன்று புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அப்படியொரு அடிமையைத்தான். தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லின் அவர்கள் வடிவத்தைப் பேசியதற்காக 2018-ல் ஒரு பெண்ணுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். பேசுகிறவரும் கறுப்பு என்பதால் சொல்லின் விஷம் இறங்கிவிடாது. தோளில் சீலை போட 1859 வரை போராடிய குமரி மாவட்டத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே கொடுமை.

நாகர்கோவில் வடசேரியில் ஏறி தக்கலை போகும் பஸ் என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்யும் தவறு, கேலி செய்தவனிடம் நேரே சண்டைக்குப் போவது. கூட்டம் திரும்பிப் பார்க்கும், அவனுக்கு வீறாப்பு ஏறும், நாளைக்கும் அதே பஸ்ஸில் தனியாக வரப்போவது அந்த மாணவர்தான். அதனால் கேலிக்காரனை விட்டுவிட்டு மாணவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். “இது தக்கலை போகுமா?” என்று எதையாவது கேளுங்கள்; அவருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. துணைக்கு ஆள் வந்தால் பெரும்பாலும் கேலி சப்பென்று ஆகிவிடும். அடங்காவிட்டால் கண்டக்டரிடம் சொல்லுங்கள். பஸ் எண், நேரம், ஏறிய இடம் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தால் மாணவர் முகம் விழாமல் எடுத்து அவரிடமே கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது இரண்டாவது அவமானம்.

புகார் வேண்டுமா என்று முதலில் அவரைக் கேளுங்கள். விசா பயம் இருக்கும். பாகுபாடு கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு குடிமக்களுக்குத்தான்; சமத்துவம் தரும் 14-ம், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ம் வெளிநாட்டவருக்கும் உண்டு. வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 352-வது பிரிவு. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஆகவே மனு கொடுத்து மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். பெண்ணின் மானத்தைக் குறிவைத்துப் பேசினால் அதே சட்டத்தின் 79, அதற்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடலாம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கேலி செய்தது சக மாணவர் என்றால் வழி இன்னும் சுலபம். நிறம், இனத்தை வைத்து மாணவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2016-ல் விதியைத் திருத்தியது. புகாரில் ‘ராகிங்’ என்ற சொல்லையே எழுதுங்கள். ‘கேலி’ என்று எழுதினால் ஒழுங்கீனம் என்று கண்டித்து அனுப்பிவிடுவார்கள். உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

இந்த மாணவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது தனித் தலைவலி. மறுப்பில் நிறவெறியும் உண்டு, “போலீஸ் கேஸ் வரும்” என்ற பயமும் உண்டு. இரண்டாவதைத் தீர்க்கலாம்: வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும், பாஸ்போர்ட், விசா விவரம் கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பதிந்து காட்டுங்கள். அதற்குப் பிறகும் இல்லை என்றால் அவர் சொன்ன காரணம் பொய்.

அப்புறம், முடியைத் தொட்டுப் பார்ப்பது, கேட்காமல் செல்ஃபி எடுப்பது: அன்பாகச் செய்தாலும் வேண்டாம்.