30 வருடப் பழைய தோல் கைப்பையை வீட்டிலேயே சுத்தம் செய்து பழையபடி ஆக்க முடியுமா? தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது எண்ணெய்ப் புட்டியைத் திறந்திருக்கக் கூடும். தடவாதீர்கள். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், வேறு எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம். மற்றது எல்லாவற்றையும் மெதுவாகப் பேசலாம்.

30 வருடப் பழைய பை என்றால், அலமாரியின் மேல்தட்டில் பல வருடம் கிடந்திருக்கும், வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும், வார் விறைத்துப்போயிருக்கும், கொக்கியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கசிந்திருக்கும். அநேகமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்திருப்பீர்கள். அது உங்கள் அம்மாவுடையதாகவோ பாட்டியுடையதாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு மெனக்கெட்டு யாரும் கேட்க மாட்டார்கள். இதையெல்லாம் ஊகித்துத்தான் எழுதுகிறேன். தவறென்றால் மன்னிக்கவும், ஆனால் என் அம்மாவின் பை அப்படியே இந்த நிலையில்தான் என் கைக்கு வந்தது.

அம்மா முதல் சம்பளத்தில் வாங்கிய பை அது. பழுப்பு நிறம், ஒரே ஒரு பித்தளைக் கொக்கி, உள்ளே இரண்டு அறை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது நகை யாருக்கு, பாத்திரம் யாருக்கு என்று பெரிய பேச்சு நடந்தது. பையை யாரும் கேட்கவில்லை. அண்ணி அதைக் குப்பைக் கோணியில் போட்டே விட்டார், நான்தான் கையை விட்டு எடுத்தேன். "அந்தக் குப்பையை வைத்து என்ன செய்யப் போறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சரி, அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தேங்காய் எண்ணெய் தடவினேன். கொஞ்சமாக அல்ல, தோல் வறண்டு கிடக்கிறது, பாவம் குடிக்கட்டும் என்று கை நிறைய ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டேன். மறுநாள் வெயிலில் வைத்தேன். கருஞ்சிவப்பாகப் பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தது, படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, குளிர் நாட்களில், மறுபடி வெள்ளை பூத்தது. பூஞ்சை என்று நினைத்து வினிகரில் துடைத்தேன். போனது, திரும்ப வந்தது. திரும்பத் துடைத்தேன். இப்படி நாலைந்து தடவை. ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வார் ஊறிய அட்டை மாதிரி நீண்டு, அடியில் தையலோடு சேர்ந்து கிழிந்தது. அம்மா தோளில் அத்தனை வருடம் தாங்கிய வாரை ஆறு மாதத்தில் நான் கெடுத்தேன். இன்னும் அது உறுத்துகிறது.

பை தைக்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வெள்ளை பூத்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்தபோது அங்கே வெள்ளை இல்லை, விரல் ரேகை மட்டும் ஈரமாகத் தெரிந்தது. "இது பூஞ்சை இல்லம்மா, நீங்க ஊட்டின கொழுப்பு" என்றார். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோலுக்குள் போனாலும் அது அதே எண்ணெய்தான். எண்ணெயே தடவாத பையிலும் இப்படிப் பூக்கலாம், ஏனென்றால் பதப்படுத்தும் இடத்திலேயே தோலுக்குக் கொழுப்பு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள், அது காலப்போக்கில் மேலே வந்து உறைகிறது. ஆகவே பூஞ்சை என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரு சின்ன இடத்தில் சில நொடி மட்டும் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. மறையாமல், பஞ்சு மாதிரி, புள்ளி புள்ளியாக, மக்கிய வாசனையோடு இருந்தால் பூஞ்சை. கொழுப்பென்றால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். பூஞ்சையென்றால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து எல்லா அலமாரிக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி, பிறகு காற்றாடும் நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால் அது திரும்ப வரும், என்ன தடவினாலும் வரும். பிளாஸ்டிக் உறை ஆகாது என்பது இதனால்தான்.

இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தோல் தொழில் படித்தவள் இல்லை. ஒரு பையைக் கெடுத்து, அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் வந்த பத்துப் பன்னிரண்டு பைகளைச் சரிசெய்தவள், அவ்வளவுதான். "எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாக எண்ணெய்தான் தடவுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். செருப்புக்கும் குதிரைச் சேணத்துக்கும் எண்ணெய் வேறு விஷயம், அவை தினமும் நனைந்து உழைக்கிற பொருட்கள், அதற்கென்று தயாரித்த எண்ணெயும் வேறு. அருங்காட்சியகங்களிலேயே ஒரு காலத்தில் பழைய தோலுக்கு லானோலின் (ஆட்டு ரோமத்தின் கொழுப்பு), தேன்மெழுகு, சீடார் மர எண்ணெய் கலந்த பூச்சைத் தாராளமாகப் பூசினார்கள், பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரிலேயே அந்தப் பூச்சு வழங்கியது. பூசியவை கறுத்து, பிசுபிசுத்து, தூசி பிடிப்பதைப் பார்த்துத்தான் பிறகு பெரும்பாலும் கைவிட்டார்கள். அவர்களே விட்டதை நாம் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

வினிகர், சமையல் சோடா, பாத்திர சோப்பு மூன்றுக்கும் இதே பதில்தான். தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று எதிர்ப்பக்கம் இழுக்கிறது, வினிகர் இரண்டரையிலிருந்து இந்தப் பக்கம் இழுக்கிறது. ஒரு தடவையில் தெரியாது. நான் செய்தது மாதிரி நாலைந்து தடவை செய்தால் தெரியும்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? முதலில் உங்கள் பை என்ன தோல் என்று பாருங்கள். அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தோல் உடனே உறிஞ்சிக் கறுத்தால் மேற்பூச்சு இல்லாத தோல், அதில் எல்லாமே கறையாகும், ஈரத் துணியைக்கூடப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சொட்டு முத்தாக நின்றால் மேலே நிறப்பூச்சு இருக்கிறது, கொஞ்சம் தைரியமாகத் துடைக்கலாம். வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் எழும்பிய ஸ்வேட் (suede) தோலென்றால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், உலர்ந்த தூரிகையும் ரப்பரும் மட்டும்தான். அதன் பிறகு வெள்ளைத் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, பிழிந்ததை இன்னொரு தடவை பிழிந்து துடையுங்கள். துணியில் அழுக்கின் சாம்பல் நிறம் வந்தால் நல்லது. பையின் நிறமே வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போதாவிட்டால் தோலுக்கென்றே தயாரித்த, பிஎச் பொருந்திய திரவம் இருக்கிறது, அதன் நுரையை மட்டும் எடுத்துத் தேய்க்கலாம்.

உலர்த்துவது நிழலில். வெயிலோ ஹீட்டரோ வேண்டாம். ஈரம் வேகமாகப் போனால் உள்ளே நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப் போகும், நனைந்த தோல் சூட்டில் சுருங்கினால் எந்த வைத்தியமும் இல்லை. உள்ளே அச்சடிக்காத வெள்ளைத் தாளைக் கசக்கித் திணித்து வடிவத்தைப் பிடித்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தோல் நன்றாக உலர்ந்த பிறகு, தோலுக்கான கண்டிஷனர் கிரீம் பட்டாணி அளவு, துணியில் எடுத்து, வட்டமாக, மெல்லிய படலமாக. பத்து நாள் விட்டு இன்னொரு தடவை வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

பித்தளைக் கொக்கியைச் சுற்றியுள்ள பச்சைக்கு வருகிறேன், அதைப் பார்த்தாலே எல்லாரும் பயப்படுகிறார்கள். அது களிம்புதான். பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பும் சேர்ந்து மெழுகு மாதிரி ஆகிறது. எண்ணெய் தடவத் தடவ இது அதிகமாகும், என் பையில் அப்படித்தான் கொக்கியின் அடியில் பட்டாணியளவு திரண்டிருந்தது. இரும்புக் கத்தி வேண்டாம், பல்குத்தும் குச்சியின் முனையால் மெதுவாக நெம்பினால் சுருள் சுருளாக வரும், மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கலாம். பித்தளை பாலிஷைத் தோல் மேல் படவிடாதீர்கள், படாமல் பூச முடியாதென்றால் பூசவே வேண்டாம். பழைய பித்தளை கொஞ்சம் மங்கலாக இருப்பதில் ஒரு தப்பும் இல்லை.

சரியாக்க முடியாதவையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விரிசல் விட்ட தோல் திரும்ப ஒன்றுசேராது. உள்ளே நார் அறுந்துவிட்டது, கிரீம் அந்தப் பிளவைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவே. தொட்டால் செம்மண் மாதிரிப் பொடி கையில் ஒட்டுகிறதென்றால் அது இன்னும் மோசமான நோய், மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய பழைய தோலுக்கு வருவது. காற்றிலுள்ள கந்தகம் தோலுக்குள் அமிலமாகிறது. எரிவாயு விளக்குகளின் புகைதான் தோலைக் கெடுக்கிறது என்று 1843-லேயே மைக்கேல் ஃபாரடே சொல்லியிருக்கிறார். அந்த நிலையில் உள்ள பையைத் தண்ணீரால் தொட்டால் கறுத்துக் கெட்டியாகிவிடும், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள் லைனிங் பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அது தோலே இல்லை, துணி மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், ஈரப்பதத்தால் சிதைந்தது. அதைத் துடைத்துத் தீராது, பிரித்தெடுத்துப் புதுத் துணி வைத்துத் தைக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் ஆற்றாமை ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். இப்போது நான் வேலைக்கு எடுத்துப்போகும் பை, "அசல் லெதர்" என்று சொல்லித்தான் விற்றார்கள், மூன்றே வருடத்தில் மேற்பூச்சு சொரி பிடித்த மாதிரி உரிந்தது. உரிந்த இடத்தில் பின்னிய துணி தெரிகிறது. கேட்டால் பராமரிப்பு சரியில்லை என்று பதில். அம்மாவின் பையை நான் அவ்வளவு பாடுபடுத்தியும் அதன் உடல் இன்னும் முழுசாக இருக்கிறது.

வாருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதலில் எண்ணெயை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சாக்பீஸ் தூளைத் தூவி, தாளில் சுற்றி வைத்து, ஊறியதும் தட்டிவிட்டு, மறுபடி தூவி, இப்படி ஏழெட்டு வாரம். முழுவதும் வரவில்லை, வந்தவரைக்கும் போதும் என்றார் பெரியவர். பிறகு பழைய நூலைப் பிரித்து, கிழிந்த அடிப்பகுதிக்கு உட்புறமாக ஒரு மெல்லிய தோல் துண்டை ஒட்டி, தேன்மெழுகு இழைத்த நூலில் இரண்டு ஊசி கோர்த்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். புதுத் துளை ஒன்றுகூடப் போட விடவில்லை. "பழைய துளையிலேயே போங்க, புதுசா குத்தினா ஸ்டாம்பு மாதிரி கிழியும்" என்றார். பதினான்கு துளை, எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்க ஆனது.

அப்படிப் பிரிக்கும்போதுதான் உள் மடிப்பில் பால்பாயிண்ட் பேனாவால் அம்மா தன் பெயரின் முதலெழுத்தைச் சின்னதாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மையை எடுக்கலாம் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். மை வரும், கூடவே தோலின் சாயமும் வரும், வெளிறிய திட்டு நிற்கும். நல்லவேளை, அந்த முறையின் கெடுதல் எனக்குத் தெரியாத நாளில் நான் அந்த மடிப்பைத் திறந்து பார்க்கவில்லை.

அண்ணி போன மாதம் வீட்டுக்கு வந்தபோது பையைப் பார்த்துவிட்டு, அத்தையின் ஞாபகமாகத் தன் மகளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதைச் சுயநலம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் பைக்கு இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுங்கள், நிழலில் திறந்து வையுங்கள், அந்த வெள்ளை உருகுகிறதா என்று பாருங்கள். வார் பையோடு சேரும் இடத்தையும் தோலின் வெட்டு விளிம்பையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் போட்டால், தைக்கத் தாங்குமா தாங்காதா என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அதுவரை வாரைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.